அந்த நான்கு பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்காதீர்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் நடக்கும் நம் பள்ளியின் நவம்பர் ஆண்டு விழாவுக்காக நிலை 3 பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்த நாடகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "குட்டி பில்கிரிம்" (1620இல் இங்கே வந்து குடியேறிய ஆங்கிலேயர்களைத்தான் பில்கிரிம் என்கிறார்கள்) பாட்டை வைப்பதாக முடிவு செய்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். சிறுவர் நிகழ்ச்சியில் சாவு வேண்டாம், விழா நேரத்தில் மகிழ்ச்சியாக ஏதாவது செய்யலாம் என்பது நீங்கள் சொன்ன காரணம். அதே மின்னஞ்சலின் கடைசியில், நிலை 3 பயிற்சி நூலுக்கு நான் எழுதிக்கொடுத்த வாசிப்புப் பக்கமும் அடுத்த பதிப்பில் இருக்காது என்று சேர்த்திருக்கிறீர்கள். பிள்ளைகளிடம் இதை நான் சொல்லிவிட வேண்டுமாம்.

என்னால் சொல்ல முடியாது. ஏன் என்பதைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நாடகத்தைப் பார்க்காமலேயே கை தூக்கியவர்களும் குழுவில் இருக்கிறீர்கள். அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஷிப்டன் என்றொரு கிராமம். 1612க்கும் 1616க்கும் இடையில் அந்த ஊர்த் தேவாலயத்தில் நான்கு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. எலன், ஜாஸ்பர், ரிச்சர்ட், மேரி. அம்மா பெயர் கேத்தரின் மோர். அவருடைய கணவர் சாமுவேல் மோர். குடும்பச் சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே செய்துவைத்த கல்யாணம் அது. பிள்ளைகள் தன்னுடையவர்கள் இல்லை, ஜேக்கப் பிளேக்வே என்பவருக்குப் பிறந்தவர்கள், சாயலே அப்படித்தான் இருக்கிறது என்று சாமுவேல் முடிவுக்கு வந்தார். நால்வரையும் தாயிடமிருந்து பிரித்துத் தன் தகப்பனாரின் குத்தகைக்காரர் ஒருவர் வீட்டில் விட்டார். தாய் அந்த வீட்டுக்கு மறுபடி மறுபடி வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பார்த்தார். நடக்கவில்லை. 1620 கோடையில் நால்வரையும் லண்டனுக்குக் கொண்டுபோய், அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஏழு வருஷ ஒப்பந்தம். சாப்பாடு, துணி, தங்குமிடம் கொடுப்பார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஆளுக்கு 50 ஏக்கர் நிலம் என்று பேச்சு.

எலனுக்கு அப்போது 8 வயது. ஜாஸ்பருக்கு 7. ரிச்சர்டுக்கு ஆறு முடியவில்லை. மேரிக்கு 4. நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு எலனின் வயதுதான்.

அந்தக் கப்பல்தான் மேஃப்ளவர். அக்கா, தம்பி, தங்கை என்று நால்வரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. எலனை எட்வர்ட் வின்ஸ்லோ குடும்பத்திடம் கொடுத்தார்கள். ஜாஸ்பரை ஜான் கார்வரிடம். ரிச்சர்டும் மேரியும் வில்லியம் பிரூஸ்டரிடம். பிள்ளைகளை வேறு வீட்டில் வேலை பழக விடுவது அன்றைய இங்கிலாந்தில் சாதாரணமாக நடந்ததுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கு. நாலு வயதுக் குழந்தையை ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கடல் தாண்டி அனுப்புவது அந்தக் காலத்துக்கும் வழக்கம் இல்லை.

செப்டம்பரில் கிளம்பிய கப்பல், அன்றைய நாள்காட்டிப்படி நவம்பர் 11ஆம் தேதி, இன்று பிராவின்ஸ்டவுன் என்று நாம் சொல்லும் இடத்தில் நங்கூரம் போட்டது. பெரியவர்கள் கரையில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கப்பலிலேயே கிடந்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி ஜாஸ்பர் இறந்துபோனான். மறுநாள் அதே துறைமுகத்தில் பின்னாளில் இவர்கள் அமைத்த பிளிமத் ஊருக்கு ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டின் மனைவி டோரத்தி தண்ணீரில் விழுந்து இறந்தார். அவரும் மூன்று வயதை ஒட்டிய மகனை ஹாலந்தில் விட்டுவிட்டு வந்தவர். அந்தக் குளிர்காலத்திலேயே எலனும் மேரியும் போய்விட்டார்கள். நால்வரில் ரிச்சர்ட் ஒருவன்தான் மிஞ்சினான்.

இங்கிலாந்தில் கேத்தரின் அப்போதும் விடவில்லை. தலைமை நீதிபதியிடம் முறையிட்டார். அதற்குப் பதில் சொல்லி 1622இல் சாமுவேல் தன் பக்கத்து நியாயத்தை எழுதிக்கொடுத்தார், அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் யார் கையில் போனார்கள், எப்படிப் போனார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது அதனால்தான். தாய் நீதிபதியிடம் பிள்ளைகளைக் கேட்ட நேரத்தில் மூன்று பிள்ளைகள் உயிரோடு இல்லை.

இவ்வளவுதான் கதை. இதில் நான் கற்பனையாகச் சேர்த்தது பிள்ளைகள் பேசும் வசனங்கள் மட்டுமே. அந்த வசனங்களையும் வகுப்பில் பிள்ளைகளே யோசித்துச் சொன்னார்கள், நான் எழுதி எடுத்துக்கொண்டேன்.

ஒரு வசனத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிளிமத்தின் ஆளுநராக இருந்த பிராட்ஃபோர்ட், சுமார் முப்பது வருஷம் கழித்துக் கப்பலில் வந்தவர்களின் பட்டியலை வீடு வீடாக எழுதிவைத்தார். கார்வர் வீட்டில் ஜாஸ்பர் பெயர் இருக்கிறது. வின்ஸ்லோ வீட்டில், ரிச்சர்டின் சகோதரி எலன் என்று இருக்கிறது. பிரூஸ்டர் வீட்டுக்கு வரும்போது ரிச்சர்ட் மோர் என்று ஒரு பையன், அப்புறம் அவனுடைய சகோதரர்களில் இன்னொருவன் என்று எழுதுகிறார். அந்த "இன்னொருவன்" மேரி. நாலு வயதுப் பெண் குழந்தை. பெயரும் எழுதப்படவில்லை, பெண் என்பதும் எழுதப்படவில்லை. பிராட்ஃபோர்டை நான் குறை சொல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஞாபகம் வைத்து அவர் எழுதியிராவிட்டால் பலரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனால் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவிக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர், அவ பேரை யாருமே அவர்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள். அவள்தான் மேரியாக நடிக்கிறாள். நாடகத்தில் பட்டியல் வாசிக்கும் காட்சியில் ஒரு பையன் அந்த வரியை வாசிப்பான். உடனே அவள் முன்னால் வந்து சொல்வாள்: "நான் ரிச்சர்டோட தம்பி இல்ல, தங்கச்சி. என் பேர் மேரி மோர்." இந்த வசனம் முழுக்க அவளுடையது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

நீங்கள் எடுத்துவிட்டதில் அந்த வசனமும் இருக்கிறது.

சரி, உங்கள் காரணத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். வாரந்தோறும் அந்த வகுப்பில் நிற்பவள் நான். இந்தக் கதையைச் சொன்ன அன்று சாவைப் பற்றிக் கேட்டது ஓரிருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒன்றைத்தான்: அம்மா ஏன் கூட வரவில்லை, எலனால் ஜாஸ்பரைப் போய்ப் பார்க்க முடிந்ததா, கப்பல் ஒன்றுதானே, பக்கத்தில்தானே படுத்திருப்பார்கள். அதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது என்றபோது அவர்களே பேசி ஒரு காட்சி செய்தார்கள். எலன் தனக்குக் கொடுத்த ரொட்டியில் பாதியை ஜாஸ்பருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பயந்த பிள்ளைகள் இப்படியா செய்வார்கள்?

நம் வீட்டுப் பிள்ளைகள் சாவைப் பார்க்காதவர்களும் இல்லை. தாத்தா ஊரில் இறந்துபோகிறார், இங்கே விசா, டிக்கெட், லீவு ஒன்றும் ஒத்துவருவதில்லை, நடு ராத்திரியில் ஃபோனை மேஜைமேல் சாய்த்துவைத்து வீடியோ காலில் எடுப்பு வரைக்கும் பார்க்கிறோம். பக்கத்தில் அந்தப் பிள்ளையும்தான் உட்கார்ந்திருக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் அப்படிப் பார்த்த மறுவாரம் வந்தான். ஒன்றும் பேசவில்லை. நான்கு பிள்ளைகளின் கதை ஓடிய அன்றுதான் வாயைத் திறந்தான். ஜாஸ்பரை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டான். சரியான இடம் தெரியாது, பிராவின்ஸ்டவுனில் அங்கே இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, அதில் அவன் பெயர் இருக்கிறது என்றேன். பிறகு தன் தாத்தாவை எங்கே எரித்தார்கள் என்பதை அவனே எல்லோருக்கும் சொன்னான். பேச இடம் கொடுத்தால் பிள்ளைகள் பேசுகிறார்கள். நாம் வாயை மூடிக்கொண்டால் அவர்களும் மூடிக்கொள்கிறார்கள்.

இதற்குப் பதிலாக நீங்கள் வைத்திருக்கும் பாட்டைப் படித்துப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, பக்கிள் வைத்த தொப்பி, வான்கோழி, தொட்டிலில் சிரிக்கும் பாப்பா. இன்னொரு வரிசையில் தலையில் இறகு கட்டிய பிள்ளைகள். ஒவ்வொன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புச் சட்டையும் பக்கிள் தொப்பியும் பின்னாள் ஓவியர்கள் போட்டுவிட்டவை. பிளிமத்தில் ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போன பொருளையெல்லாம் கணக்கெடுத்து எழுதினார்கள். அந்தக் கணக்குகளில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருக்கின்றன. மேரி இருந்த வீட்டின் பெரியவர் பிரூஸ்டருடைய கணக்கில் ஊதா நிறக் கோட்டே இருக்கிறது. சின்னப் பையன்களுக்கு ஆறேழு வயது வரைக்கும் கவுன்தான், பெண் குழந்தைகளைப் போலவே. முதன்முதலாகக் கால்சட்டை போடுவது ஒரு பையனுக்குப் பெரிய நாள். நடை பழகும் குழந்தையின் கவுனில் தோள் பக்கத்தில் நீளமாகத் துணிப்பட்டைகள் தைத்திருப்பார்கள், விழாமல் பிடித்துக்கொள்ள. தலை அடிபடாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த தொப்பியும் உண்டு. இதையெல்லாம் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ரிச்சர்டாக நடிக்கும் பையன் முதலில் கவுன் போட மாட்டேன் என்றான், அடுத்த வாரம் அவன் அம்மா தைத்தே கொடுத்து அனுப்பிவிட்டார். மகிழ்ச்சி வேண்டும் என்றீர்களே, அது இங்கேயும் இருக்கிறது.

தொட்டில் குழந்தை பெரெக்ரின் வைட். பிராவின்ஸ்டவுனில் கப்பல் நின்றபோதே பிறந்தவன். அவனுடையது என்று வழிவழியாகச் சொல்லப்படும் பிரம்புத் தொட்டில் பிளிமத் நகரில் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பெற்றோர்களில் பலர் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். மார்ச் மாதம் எட்வர்ட் வின்ஸ்லோவின் மனைவி இறந்தார். மே மாதம் வின்ஸ்லோவும் பெரெக்ரினின் அம்மா சூசன்னாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். எலனை யாரிடம் ஒப்படைத்தார்களோ அதே வின்ஸ்லோதான். அந்த வசந்தத்தில் பிளிமத்தில் அநேகமாக ஒவ்வொரு வீடும் இப்படி மிச்சம் மீதியிருந்தவர்களைச் சேர்த்துக் கட்டிய வீடுதான். சுமார் பாதிப்பேர் போய்விட்டார்கள். இன்று தேங்க்ஸ்கிவிங் என்று இந்த ஊரில் நினைவுகூரும் அறுவடை விருந்து நடந்த 1621 இலையுதிர் காலத்தில் மனைவிமாராகக் கப்பலேறிய பெண்களில் நான்கு பேர்தான் உயிரோடு இருந்தார்கள். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் செத்தார்கள் என்பது இந்தக் கதையில் என்னை விடாமல் உறுத்தும் விஷயம். ஹியூமிலிட்டி கூப்பர் என்று ஒரு வயதுக் குழந்தை. அத்தை மாமாவோடு வந்தது. இரண்டு பேரும் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். அந்தக் குழந்தையை யாரோ சோறூட்டி வளர்த்திருக்கிறார்கள். வளர்ந்தபின் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

நோயின் உச்சத்தில் எழுந்து நடமாட முடிந்தவர்கள் ஆறேழு பேர் மட்டும்தான் என்று பிராட்ஃபோர்ட் எழுதுகிறார். விறகு கொண்டுவந்து, தீ மூட்டி, சமைத்து, படுக்கை தட்டிப்போட்டு, நாறும் துணிகளைத் துவைத்தவர்கள் என்று இரண்டு பெயரைக் குறிப்பிட்டுச் சொல்கிறார். ஒருவர் அவர்களுடைய படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ். இன்னொருவர் மேரியும் ரிச்சர்டும் இருந்த வீட்டின் பிரூஸ்டர். நாடகத்தில் இதையும் வைத்திருக்கிறோம். கெட்டவர்களும் நல்லவர்களுமாக நான் யாரையும் பிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் அந்தக் குழந்தையின் துணியையும் துவைத்திருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இறகுக்கு வருகிறேன். தலை முழுக்க இறகு வைப்பது மேற்கே வெகு தொலைவில் சமவெளியில் வாழும் மக்களின் வழக்கம். இங்கே இருந்தவர்கள் வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்கள். இருந்தவர்கள் என்ன, இருக்கிறவர்கள். மாஷ்பியிலும் அக்வின்னாவிலும் இன்றும் வாழ்கிறார்கள், நாம் கேப் காட் பக்கம் காரில் போகும்போது அவர்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறோம். அவர்கள் பிள்ளைகளும் இந்த மாநிலத்தின் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அப்படியொரு பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, நாம் மேடையில் இறகு கட்டி ஆடிய வீடியோ அதன் கண்ணில் பட்டால் நம் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியும் நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. 1621 கோடையில் ஜான் பில்லிங்டன் என்ற பதின்வயதுப் பையன் காட்டில் வழி தவறிவிட்டான். அவன் தம்பி ஃபிரான்சிஸ்தான் கப்பலில் வெடிமருந்துப் பீப்பாய் பக்கத்திலேயே துப்பாக்கி வெடித்துக் கப்பலையே கொளுத்தப் பார்த்தவன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போன ஆள். ஜான் நாட்கணக்கில் காட்டுப் பழங்களைத் தின்று திரிந்து வாம்பனோவாக் மக்கள் கையில் கிடைத்தான். கேப் காட்டில் நாசெட் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அவனைத் தேடிப் பத்து ஆங்கிலேயர் படகில் போனார்கள். நாசெட்டின் தலைவர் ஆஸ்பினெட் நூறு பேருக்குக் குறையாமல் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். பையனை ஒருவர் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கழுத்து நிறைய மணிமாலை.

போகும் வழியில் கம்மக்விட் என்ற இடத்தில் ஒரு பாட்டி இவர்களைப் பார்க்க வந்தார். ஆங்கிலேயரைப் பார்த்ததும் உடைந்து அழுதார். 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல்காரன் வியாபாரம் என்று சொல்லிக் கப்பலுக்குக் கூப்பிட்டு அவருடைய மூன்று மகன்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டான், ஸ்பெயினுக்கு. அவர்கள் திரும்பி வரவே இல்லை. இவர்கள் வருத்தம் சொல்லிச் சின்னச் சாமான்கள் சிலவற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதை எழுதிவைத்ததும் அந்த ஆங்கிலேயர்கள்தான், அதனால் இட்டுக்கட்டிய கதை என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளையை இழந்த ஒரு தாய் ஷ்ராப்ஷயரில், இன்னொரு தாய் கம்மக்விட்டில். என் மாணவர்கள் இருவரையும் மேடையின் இரண்டு ஓரத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள். அந்த யோசனையும் அவர்களுடையதே.

குழுவில் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "நாமே பொழைக்க வந்தவங்க. இந்த ஊர்க்காரங்க கொண்டாடுற கதையில நாம ஏன் குத்தம் கண்டுபிடிக்கணும்?" அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இந்த நான்கு பிள்ளைகளை இந்த ஊர்க்காரர்கள் மறைக்கவில்லை. மேஃப்ளவரில் வந்தவர்களின் வழித்தோன்றல்களே தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார்கள். ஷிப்டன் தேவாலயத்தில் அவர்களுக்கு நினைவுப் பலகை இருக்கிறது. ரிச்சர்ட் மோர் கப்பல் தலைவனாகி, முதியவராகி, இங்கே மாசசூசெட்ஸின் சேலம் நகரில் சார்ட்டர் தெருக் கல்லறையில் கிடக்கிறார். அவர் காலத்துக் கல் வைத்த இடத்திலேயே நிற்கும் ஒரே மேஃப்ளவர் பயணி அவர். அக்டோபரில் ஹாலோவீனுக்குச் சூனியக்காரி வேஷக் கூட்டம் பார்க்கச் சேலத்துக்குப் போகிறோமே, அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அந்தக் கல். போன வருஷம் என் வகுப்பில் சிலரைப் பெற்றோர்களோடு கூட்டிப்போனேன். ஒரு பிள்ளை கல்லைப் பார்த்துவிட்டு, "இவர் கடைசி வரைக்கும் அக்காவை ஞாபகம் வெச்சிருந்திருப்பாரா?" என்று தன் அம்மாவைக் கேட்டது.

ஒரு விஷயத்தில் உங்கள் கவலை எனக்கும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. 1621 விருந்துக்குச் சுமார் 90 பேரோடு வந்து மூன்று நாள் இருந்தவர் வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட். அவருடைய மகன் மெட்டாகாம் 1676இல் போரில் கொல்லப்பட்டார். மெட்டாகாமின் சின்ன மகனும் பிளிமத்துக்காரர்கள் கையில் சிக்கினான். அவனைக் கொல்லலாமா என்று போதகர்கள் வேத வசனம் காட்டி விவாதித்தார்கள். கடைசியில் 1677இல் அடிமையாக விற்றார்கள். விருந்துக்கு வந்தவரின் பேரப்பிள்ளை. இதை நான் நாடகத்தில் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். மேல்நிலை வகுப்புகளுக்கு இது போகட்டும். லண்டன் தெருவில் பிடித்து அடைத்த பிள்ளைகளை வர்ஜீனியாவுக்கு அனுப்பியதும், போக மாட்டேன் என்று அடம்பிடித்தவர்களையும் ஏற்றி அனுப்பலாம் என்று 1620 ஜனவரியில் அரசவை அனுமதி கொடுத்ததும் அப்படித்தான். எது எந்த வயதுக்கு என்று யோசித்துத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தேன், விட்டேன். அந்த யோசனையை என்னோடு உட்கார்ந்து செய்திருந்தால் நான் நன்றியோடு கேட்டிருப்பேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

மூன்றாம் வகுப்பில் நம் பிள்ளைகள் இந்த மாநிலத்தின் வரலாற்றைப் பள்ளியில் படிக்கத்தான் போகிறார்கள். ஆங்கிலத்தில் உண்மையையும் தமிழில் தொப்பியையும் கொடுத்தால், தமிழ் என்பது விளையாட்டுக்கு, விஷயத்துக்கு ஆங்கிலம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். இதற்காகவா வாரக் கடைசியை விட்டுவிட்டு வந்து நாம் சொல்லிக்கொடுக்கிறோம்? 1624இல், உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையே என்று இங்கிலாந்திலிருந்து குறை சொன்னபோது, பொதுப் பள்ளி நடத்த ஆளும் இல்லை, பணமும் இல்லை, அவரவர் முடிந்தவரை சொல்லிக்கொடுக்கிறோம் என்று பிராட்ஃபோர்ட் பதில் எழுதினார். நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். பணமும் ஓரளவு இருக்கிறது.

நான் கேட்பது இவை.

நாடகத்தை நிகழ்ச்சி நிரலில் திரும்பச் சேருங்கள். பத்து நிமிடம் போதும், பாட்டுக்கு ஒதுக்கிய நேரமே அது. சேர்க்கும் முன் குழுவில் எல்லோரும் அடுத்த வகுப்பில் வந்து ஒத்திகையை முழுவதும் பாருங்கள். பார்த்தபிறகு எந்த வரி பிள்ளைகளுக்கு ஆகாது என்று தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசி மாற்றலாம். மேரியின் வசனத்தை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாடகப் பிரதியை நிலை 3 பெற்றோர் அனைவருக்கும் அனுப்புங்கள். தன் பிள்ளை நடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை மதித்து வேறு பொறுப்பு கொடுக்கிறேன். ஓரிருவருடைய தயக்கத்துக்காக மொத்த வகுப்பையும் நிறுத்தாதீர்கள்.

பயிற்சி நூலில் அந்த வாசிப்புப் பக்கத்தை வையுங்கள். தகவலில் பிழை என்று யாராவது காட்டினால் திருத்தித் தருகிறேன்.

இறகுத் தலைப்பட்டைகளுக்கு வாங்கக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்யுங்கள். இந்த வருஷம் மட்டும் இல்லை, இனி எந்த விழாவிலும் அது வேண்டாம் என்று தீர்மானமாக எழுதிவையுங்கள். அந்தப் பணத்தோடு பெற்றோரிடமும் கொஞ்சம் வாங்கி, வசந்தத்தில் பிளிமத் பட்டக்செட் அருங்காட்சியகத்துக்கு நிலை 3, நிலை 4 பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கொடுங்கள். அங்கே ஆங்கிலேயர் கிராமத்தோடு வாம்பனோவாக் குடியிருப்பும் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் காட்டலாம். வேன் ஓட்டுவதற்குப் பெற்றோர்கள் சிலர் என்னிடம் ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, ஒரு வகுப்பின் பாடத்தையோ நிகழ்ச்சியையோ எடுக்கும் முன் அந்த ஆசிரியரைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று பள்ளி விதிகளில் சேருங்கள்.

வரும் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, எழுத்தில் பதில் தாருங்கள். அதுவரை பிள்ளைகளிடம் நாடகம் நின்றுவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை ஒத்திகை வழக்கம்போல நடக்கும். அரங்கத்தின் சாவியை யாரிடம் வாங்குவது என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நிலை 3 ஆசிரியர்